அடுப்பெரியும் நேரம்

ஊராட்சித் தேர்தலில் ஓட்டு கேட்க நாளுக்கு இரண்டு வேளைதான் வாய்க்கும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ஒன்று. விளக்கு வைத்த பிறகு ஒன்பது வரை ஒன்று. இடைப்பட்ட பகலில் தெரு காலியாகக் கிடக்கும். கழனிக்குப் போனவர்கள் கழனியில், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் ஏரிக்கரையில், கொத்து வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் கள்ளக்குறிச்சியில். திண்ணையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் ஒரு வீட்டின் நான்கைந்து ஓட்டும் எந்தப் பக்கம் என்ற பேச்சு அந்த வீட்டில் அடுப்பெரியும் நேரத்தில்தான் நடக்கிறது. அப்போது வாசலில் வந்து நிற்காத வேட்பாளரை அந்த வீடு மறந்துவிடும்.

நிற்பவள் ஒரு பெண்ணாக இருந்தால் அதே நேரத்தில் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தாக வேண்டும். மாடு கறக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் குடங்களை நிரப்ப வேண்டும். காலையில் பிள்ளை எழுந்து அம்மாவைத் தேடும். மாலையில் பசியோடு தேடும். ஊர் முழுக்க வீட்டில் இருக்கும் வேளையில் அவள் ஒருத்தி மட்டும் வீட்டில் இருக்க முடியாது.

*

தியாகதுருகம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடும் தூரம். 2021ல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவிக்கு அவள் நின்றாள். ஜெயிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அவள் வீட்டையும் பிள்ளைகளையும் என் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் நான். அளவு நோட்டின் பின்பக்கங்களில் அவ்வப்போது எழுதிவைத்ததும், பிறகு யோசித்ததும் இவை.

*

எங்கள் மாவட்டம் அந்த ஓட்டுக்காக நெடுநாள் காத்திருந்தது. 2011ல் தேர்ந்தெடுத்த தலைவர்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2019 நவம்பர் 26ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அடுத்த மாதமே 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிறந்த மாவட்டங்களும் அவற்றைப் பெற்ற மாவட்டங்களுமாக ஒன்பதில் மட்டும் நடக்கவில்லை. வார்டு எல்லைகளை முறையாக வரைந்து முடித்த பிறகுதான் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிறகு கொரோனா வந்தது. 2021 அக்டோபரில்தான் ஓட்டுச்சீட்டு எங்கள் பக்கத்து ஊர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஐந்து ஆண்டு தலைவர் இல்லாத ஊரில் வேலைகள் நின்றுபோவதில்லை. அவை வேறு யார் தலையிலாவது விழுகின்றன. மோட்டார் பழுதானால் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டால் வந்து சொல்ல வேண்டும். யார் வருவார்கள்? வீட்டில் தண்ணீர் இல்லாவிட்டால் யார் தூரத்துக் கிணற்றுக்குப் போக வேண்டுமோ அவர்கள்தான் வந்தார்கள். தங்கை மகளிர் குழுவின் ஊக்குநர். குழுப் பணத்தைக் கட்ட வங்கிக்கு வரும்போதெல்லாம் ஊர் மனுவையும் கொண்டுவந்து ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, என் கடையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவாள். 1989ல் தருமபுரியில் முதல் மகளிர் குழுக்களைத் தொடங்கியவர்கள் சேமிப்பையும் கடனையும் மனதில் வைத்துத்தான் தொடங்கியிருப்பார்கள். அந்தக் குழுக்கள் பெண்களுக்கு அலுவலகப் படியேறப் பழக்கிக் கொடுத்தன. ஏறிப் பழகியவளுக்கு ஒரு கட்டத்தில் தோன்றத்தான் செய்யும்: இந்த வேலையை இத்தனை ஆண்டு மனு எழுதிச் செய்தோமே, கையெழுத்துப் போட்டுச் செய்தால் என்ன?

*

வேட்புமனு செப்டம்பர் 15லிருந்து 22 வரை. 23ல் பரிசீலனை. 25ல் வாபஸ் முடிந்து சின்னம். ஓட்டுப்பதிவு அக்டோபர் 6, 9 என இரண்டு கட்டம். 12ல் எண்ணிக்கை. ஓட்டுப்பதிவுக்கு முன்பே பிரசாரம் ஓய்ந்துவிட வேண்டும் என்பதால், சின்னம் கைக்கு வந்த பிறகு இரண்டு வாரம்கூடக் கிடைக்காது.

இந்தத் தேதிகளை வகுத்தவர்கள் மழையையும் கொரோனாவையும் நீதிமன்றக் கெடுவையும் பார்த்திருப்பார்கள். வீட்டு நாட்காட்டி வேறாக இருந்தது. அது புரட்டாசி மாதம். முதல் கட்ட ஓட்டுப்பதிவு நாள் மகாளய அமாவாசை. இரண்டாம் கட்டம் புரட்டாசி நான்காம் சனிக்கிழமை. ஒன்றில் முன்னோருக்குப் படைக்க வேண்டும். வீடு கழுவி, தலை முழுகி, சமைத்து, காக்கைக்கு வைத்த பிறகே சாப்பாடு. மற்றதில் பெருமாளுக்குத் தளிகை. எந்தக் கட்டத்தில் வரும் ஒன்றியமாக இருந்தாலும், ஓட்டுப் போடும் பெண்களுக்கும் ஓட்டு கேட்ட பெண்களுக்கும் அன்று காலை இரண்டு பங்கு வேலை. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை நேரம் இருந்ததால் சமையலை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வரலாம். வேட்பாளர் அப்படி வர முடியாது.

இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலுள்ளவர்களுக்குத்தான் செப்டம்பர் 1ல் பள்ளி திறந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை நவம்பர் 1ல்தான் திறந்தார்கள். ஆக, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தேர்தல் முழுக்க வீட்டில் இருந்தார்கள். தங்கை மகன் மூன்றாம் வகுப்பு. ஒன்றரை ஆண்டாகக் கல்வித் தொலைக்காட்சியும் அக்காவின் கைபேசியும்தான் அவனுக்குப் பள்ளி. மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்கு அப்போதுதான் வகுப்பு தொடங்கியிருந்தது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்தான். ஒரு வீட்டில் தாய் வெளியே போனால், அந்த இடத்தை முதலில் நிரப்புவது பெரிய மகள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் காலையில் அவளே அரிசி களைந்து வைத்திருந்தாள். மறுநாள் தம்பியைக் குளிக்க வைத்திருந்தாள். நல்ல பெண் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. துணி பற்றாதபோது உள்மடிப்பைப் பிரித்து நீளம் எடுப்போம். வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் அடுத்த முறை பிரிக்க அங்கே ஒன்றும் இருக்காது. குடும்பங்களில் நேரம் பற்றாக்குறை வரும்போது அதை எடுக்கும் இடம் பெண் பிள்ளையின் படிப்பு நேரம்தான். ஆகவே நான் தங்கையிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்.

“பையனைக் கடைக்கு அனுப்பிடு, நான் பாத்துக்கறேன். சோறும் நான் ஆக்கி அனுப்பறேன். பாப்பா மட்டும் ஸ்கூல் பஸ்ஸை விடக் கூடாது.”

“தீபாவளி தையல் இருக்கே அக்கா உனக்கு?”

இருந்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. ஜாக்கெட்டும் சுடிதாரும் வந்து குவியும் காலம் அதுதான். ஆடித் தள்ளுபடியில் எடுத்த துணியெல்லாம் புரட்டாசியில்தான் கடைக்கு வரும். வாடிக்கைக்காரர்கள் சிலரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். பையன் கட்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பான். ஓட்டுச்சீட்டின் நிறங்களை அப்படித்தான் கற்றுக்கொண்டான்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அம்மா ரோஸ் கலர் சீட்டில் பூட்டு சாவி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவர்கள் பெரும்பாலும் தியாகதுருகம் பேரூராட்சிக்காரர்கள். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டே கிடையாது.

எனக்கும் கிடையாது.

*

இது எனக்குள் நெடுநாள் தங்கிவிட்டது. பெண் வேட்பாளருக்காக அதிகம் உழைப்பது பெரும்பாலும் அவள் பிறந்த வீடு. அம்மா வந்து தங்குவாள், அக்கா பிள்ளையைப் பார்ப்பாள், அண்ணன் தம்பிகள் பணம் கொடுப்பார்கள். இவர்களில் ஒருவருக்கும் அவள் ஊரில் ஓட்டு இல்லை. அவள் நிற்பது வாழவந்த ஊரில். அங்கே அவள் இன்னாருடைய மருமகள். ஆண் வேட்பாளருக்கு அவன் சித்தப்பன், பெரியப்பன், பங்காளி என்று ஒரு தெருவே பிறந்ததிலிருந்து இருக்கிறது. அவளுக்கு அந்தத் தெருவை ஒவ்வொரு வீடாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2021 அக்டோபர் 12 அன்று, எண்ணிக்கை நடந்த அதே நாளில், கோயம்புத்தூர்ப் பக்கம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு இடைத்தேர்தலில் ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் சொந்தக் குடும்பமே ஓட்டுப் போடவில்லை என்று நாடு முழுக்க அதைப் பகிர்ந்து சிரித்தார்கள். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓட்டு வேறு வார்டில் இருந்தது என்பதைப் பலர் கேட்கவில்லை. எனக்கு அந்த வீட்டை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. அவருக்காக அலைந்து, சமைத்து, காத்திருந்து, ஓட்டுப் போட வழியில்லாமல் இருந்தவர்கள், கடைசியில் துரோகிகள் என்ற பெயரையும் சுமந்தார்கள். வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: அவர்கள் ஓட்டுப் போட்டார்களா.

*

பணத்தைப் பற்றி. அந்தத் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு நிற்க டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. செலவு வரம்பு 34,000. வார்டு உறுப்பினருக்கு 9,000. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. துண்டு நோட்டீஸ், மைக் செட், வண்டி வாடகை, டீ என்று தங்கை ஒழுங்காக எழுதினாள். தோற்ற பிறகும் உட்கார்ந்து கணக்கை முடித்துக் கொடுத்தாள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அவள் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மக்காச்சோளமும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றுவது அவர் தொழில். அந்த நாட்களில் வண்டியில் மைக் கட்டியதால் சவாரி போகவில்லை. வண்டிக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருந்தது. தங்கை நூறு நாள் வேலைக்குப் போகவில்லை. மாமியார் முட்டி வலியோடு மாட்டைப் பார்த்துக்கொண்டார். என் கடையில் வராமல் போன தையல் கூலி. இவற்றில் எதற்கும் அந்தக் கணக்குப் படிவத்தில் இடமில்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை; அரசாங்கம் எல்லாவற்றையும் எண்ண முடியாது. ஆனால் சிறிய பதவிக்கு நிற்பது மலிவு என்று பேசுகிறவர்கள் அறுநூறு ரூபாயை மட்டும் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் 2018ல் லியூபா கிரெச்சன் ஷெர்லி என்ற பெண் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். இரண்டு சின்னக் குழந்தைகள். பிரசாரத்துக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைப் பிரசார நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையத்திடம் கேட்டார். அந்த ஆண்டு மே மாதம் ஆணையம் கொடுக்கலாம் என்றது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நன்கொடை திரட்டி நிற்கிறவர்களுக்கு அது உதவும். எங்கள் பக்கத்தில் ஊராட்சித் தேர்தல் நிதி என்பது அடகுக் கடையில் வைத்த நகை. அந்தப் பணத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் என்று எந்தத் தாயும் எடுக்க மாட்டாள். ஆனால் அங்கே ஒருத்தி வாய்திறந்து கேட்டாள், அதற்கு ஓர் ஆணையம் உட்கார்ந்து பதில் எழுதியது. பிள்ளை வளர்ப்பதும் தேர்தலின் ஒரு பகுதிதான் என்று ஓர் அரசாங்கத் தாளில் பதிவாகிவிட்டது. அது எனக்குப் போதும்.

*

“புள்ளைய யார்கிட்ட உட்டுட்டு வந்த?”

ஒவ்வொரு தெருவிலும் இந்தக் கேள்வி வந்தது என்று தங்கை சொன்னாள். எதிரில் நின்ற ஆண்களின் குடும்பங்களை யாரும் விசாரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. கேட்டவர்கள் இரண்டு வகை என்றாள். சிலர் குத்திக் காட்டக் கேட்டார்கள். சிலர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். கிழக்குத் தெருவில் ஓர் ஆயா, “நாளைக்கு இங்க கொண்டாந்து உடு, நான் கம்பங்கூழு குடுத்து வெச்சிருக்கேன்” என்றிருக்கிறார். அந்த ஆயா எதிர்த்தரப்பு வேட்பாளரின் உறவு. ஓட்டு இங்கே விழாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் பையன் அங்கேதான் கூழ் குடித்தான்.

உள்ளாட்சி என்ற இந்தச் சின்ன ஆட்சியின் மேன்மை இதில் இருப்பதாக நினைக்கிறேன். சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் சென்னைக்குப் போக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு டெல்லி. ஊராட்சித் தலைவர் எங்கும் போக வேண்டாம். அவள் ஆளப்போகும் தெருவும் அவள் பிள்ளை விளையாடும் தெருவும் ஒன்றே. அவள் கேட்கும் தண்ணீர் அவள் வீட்டுக் குடத்துக்கும் சேர்த்துத்தான். குடும்பத்தையும் பொதுவேலையையும் ஒருத்தி சேர்த்துச் சுமக்கக்கூடிய பதவி நம் நாட்டில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆகவே இதற்கு நிற்பதையும் அவளால் முடியாத காரியமாக நாம் வைத்திருப்பது பெரிய அநியாயம்.

*

கல்வராயன் மலையில் இது இன்னும் கடினம். அங்கே ஓர் ஊராட்சி என்பது அடுத்தடுத்த தெருக்கள் கிடையாது. காட்டுக்கும் மேட்டுக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி ஏற வேண்டும். விடியலில் ஒரு சுற்று, இரவில் ஒரு சுற்று என்று அங்கே பிரிக்க முடியாது. போனால் அன்று முழுக்கப் போனதுதான், சில நாள் இராத் தங்கலும் உண்டு. ஆண்கள் பலர் பிழைப்புக்காகச் சமவெளிக்கும் வெளி மாநிலங்களுக்கும் போயிருப்பார்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. அந்த நிலத்தில் இன்று மலையாளிப் பழங்குடிப் பெண்கள் ஓட்டு கேட்டு நடக்கிறார்கள், பலர் கைக்குழந்தையை முதுகிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு. வெள்ளிமலையிலிருந்து என் கடைக்குத் துணி தைக்க வருகிற ஒரு பெண் சொன்னாள்: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள், கைவீசிப் போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். அவள் நின்றவள் இல்லை, கூடப் போனவள்.

*

அந்தத் தேர்தலில் செய்தித்தாள்கள் இரண்டு பெண்களைக் கொண்டாடின. திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயது பெருமாத்தாள் ஊராட்சித் தலைவரானார். தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பட்டதாரி சாருகலா தலைவரானார். இருவர் படத்தையும் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றியது. இருவரும் வாழ்வின் இரண்டு ஓரங்களில் இருந்தவர்கள். நடுவில் முப்பதும் நாற்பதுமாக, மடியில் பிள்ளையும் கையில் வேலையும் படுக்கையில் மாமியாருமாக இருக்கிற பெண்கள் ஏராளமாக நின்றார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். அவர்கள் செய்தி ஆகவில்லை. வயதைச் சொல்லி வியக்கலாம். காலை ஐந்தரை மணியை எப்படிச் சொல்லி வியப்பது?

குத்தம்பாக்கம் இளங்கோவைப் பற்றியும் நினைத்துக்கொள்வேன். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பி 1996ல் ஊராட்சித் தலைவரானவர். அவர் கட்டிய வீடுகளையும், தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த இரட்டை வீடுகளையும் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அவர் சம்பளத்தை விட்ட பிறகு வீட்டைத் தாங்கியது மனைவியின் சம்பளம். ஒருவர் ஊருக்காக முழு நேரமும் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் மாதச் சம்பளத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. நிற்பது மனைவியாக இருந்தால் அந்த இன்னொருவர் கணவனாகவும் இருக்கலாம். அப்படி எழுதப்பட்ட கதை ஒன்றைப் படிக்க ஆசைப்படுகிறேன்.

*

நான் இந்தக் குறிப்புகளை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

1993ல் அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஓர் இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2016ல் சட்டத்தைத் திருத்தி அதைப் பாதியாக்கியது. ஆனாலும் எத்தனையோ ஊராட்சி அலுவலகங்களில் தலைவரின் பெயர்ப் பலகைக்குக் கீழே கணவர் உட்கார்ந்திருக்கிறார். ‘பிரசிடெண்ட் வீட்டுக்காரர்’ என்பது ஒரு பதவியாகவே ஆகிவிட்டது. 2023ல் இது ஒரு வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. குழு கடுமையான தண்டனைகளைப் பரிந்துரைத்தது.

தண்டனை வரட்டும். ஆனால் அந்த நாற்காலியில் கணவர் உட்காரும் நாள் பதவியேற்பு நாள் இல்லை என்று நினைக்கிறேன். அவர் அங்கே பிரசார நாட்களிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அடுப்பெரியும் நேரத்தில் மனைவி வீட்டில் இருக்கிறாள். கணவன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறான். வாக்குக் கொடுப்பவன் அவன். குழாய் போட்டுத் தருகிறேன், பட்டா வாங்கித் தருகிறேன் என்று வீடு வீடாகச் சொன்னவன் அவன். ஜெயித்த பிறகு மக்கள் அவனைத்தானே தேடி வருவார்கள்? நான்தானே அலைந்தேன் என்று அவனும் கேட்பான், அதில் உண்மையும் இருக்கிறது. தெருவில் நின்று நேரத்தைக் கொடுத்தவர் கையில் பதவி போய்ச் சேர்கிறது. அவள் நேரமும் தேர்தலுக்குத்தான் போனது, ஆனால் அடுப்படி வழியாகப் போனது. அதை ஊர் பார்க்கவில்லை.

ஆகவே, வேட்புமனு போடும் முன்பே வீட்டில் முடிவாக வேண்டிய கேள்வி யார் தெருவுக்குப் போவது, யார் சோறு ஆக்குவது என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். தங்கை இதை என்னைவிட முன்னதாகவே புரிந்துவைத்திருந்தாள். மனு போட்ட அன்று இரவு வீட்டுக்காரரிடம் சொன்னாள்; நானும் அங்கே இருந்தேன்.

“வாசல்ல பேசறது நான். நீங்க வண்டி ஓட்டுங்க, மைக் புடிங்க, கூட வாங்க. வாக்கு மட்டும் நான்தான் குடுப்பேன். நாளைக்குக் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்ப காலைல மாடு யார் கறக்கறது?” என்று கேட்டார். நிஜமான கேள்விதான். மாடு அவருக்குக் கால் தூக்கும். தங்கைக்குத்தான் ஒழுங்காக நிற்கும். கடைசியில் மாமியார் கறப்பது, அவர் கன்றைப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பிரசாரம் முடியும்வரை அவர் தினமும் கன்றைப் பிடித்தார். அதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தோற்ற பிறகும் மனு எழுத ஆட்கள் தங்கையிடமே வந்தார்கள். வாசலில் நின்று பேசியவள் அவள்தானே.

*

2021ல் பொறுப்பேற்றவர்களின் ஐந்து ஆண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. தங்கை மறுபடி நிற்கும் எண்ணத்தில் இருக்கிறாள். 2026 தீபாவளி நவம்பர் 8. தேர்தல் மறுபடியும் தையல் காலத்தில் வந்தால் வாடிக்கைக்காரர்களிடம் ஆவணியிலேயே துணியைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அன்று பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு இப்போது ஓட்டு வந்துவிட்டது. நிற்கத்தான் 21 ஆக வேண்டும். பூத் ஏஜென்டாகத் தன்னை உட்கார வைக்க வேண்டும் என்கிறாள். பள்ளி பஸ்ஸை அவள் ஒருநாளும் விடவில்லை.

மகளிர் குழுக் கூட்டத்தில் அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசினார்கள், நானும் போயிருந்தேன். குழுவில் யார் நின்றாலும், தலைவருக்கோ வார்டுக்கோ, அவர்கள் பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் மற்றவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்று ஒரு யோசனை வந்தது. நம்மிலேயே இரண்டு பேர் எதிரெதிராக நின்றால்? இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. ஒருத்தி பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். கடைசியில், யார் எதிரெதிராக நின்றாலும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரிசியும் பருப்பும் அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும், யாரும் காசாகக் கொடுக்கக் கூடாது. வேட்பாளர் காசு கொடுத்தால் அது ஓட்டுக்குக் கொடுத்ததாகிவிடும் என்று குழுவின் பிரதிநிதி ஒருத்தி எழுந்து சொன்னாள். அதையும் தீர்மானத்தில் சேர்த்தார்கள்.